ஓட்டமும் ஓரவஞ்சனையும்

விளையாட்டுகளுள் மாசற்றது எது என்ற பேச்சு எழும்போதெல்லாம், அமெரிக்கக் கல்லூரிகளில் ஓட்டத்தை நேசிக்கும் இளைஞர்களும் அவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசான்களும் சிறிதும் தயங்காமல் சுட்டிக்காட்டுவது கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தைத்தான். புல்வெளியிலும் மேட்டிலும் சேற்றிலும் ஓடும் அந்த நெடுந்தூரப் பந்தயத்தில் மட்டையில்லை, பந்தில்லை, கையை உயர்த்தித் தீர்ப்பளிக்கும் நடுவரின் தயவு தேவையில்லை. இருநூற்றுச் சொச்சம் பேர் ஒரே கோட்டில் நிற்கிறார்கள், துப்பாக்கி முழங்குகிறது, ஆடவராயின் பத்துக் கிலோமீட்டருக்கும் மகளிராயின் ஆறு கிலோமீட்டருக்கும் அப்பால் யார் முன்னே வந்து சேருகிறாரோ அவரே வென்றவர். ஆகையால் இங்கே ஜயம் என்பது உழைப்புக்குக் கிடைத்த கூலி, அபஜயம் என்பது உழைப்பில் வைத்த குறைக்குக் கிடைத்த தண்டனை, கால்களையும் சுவாசகோசங்களையும் தவிர வேறு எதற்கும் இந்தக் களத்தில் இடமில்லை என்பது அவர்களுடைய திடமான நம்பிக்கை. இதனோடு ஒட்டிப் பிறந்ததாக இன்னொரு நம்பிக்கையும் அங்கே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இத்தனை தூய்மையான பந்தயத்தில் எப்போதாவது அநியாயம் புகுந்ததென்றால் அது வெளியிலிருந்து வந்தவனால்தான் புகுந்திருக்கவேண்டும். கென்யாவிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ வந்து சேர்ந்த, வயதில் இரண்டொரு ஆண்டு மூத்த அந்நிய மாணவனே எங்கள் பிள்ளைகளின் இடத்தைப் பறித்துக்கொண்டான் என்பது அது.

முதல் நம்பிக்கை பிழையானது. இரண்டாவது, அந்தப் பிழை பெற்றெடுத்த அநீதி. பந்தயத்தின் முடிவை நிர்ணயிக்கும் அனுகூலங்களில் பெரும்பகுதி ஓடுகிறவனுடைய தேகத்தில் இல்லை, அவனை ஓடவிடுகிற ஸ்தாபனத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்பதையும், அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க மனமில்லாதவர்களே அந்நியனுடைய பிறந்த தேதியைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் நம்பிக்கையை உடையவர்கள் கண்மூடிகள் என்று நான் சொல்லமாட்டேன். என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1938-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாகாணத்து ஈஸ்ட் லான்சிங் நகரில் இந்த ஓட்டத்துக்கு முதன்முதலாகச் சாம்பியன் போட்டி நடத்தியது. இன்று அதன் கணக்குமுறை ஒரு குழந்தைக்கும் புரியும்படி இருக்கிறது. கல்லூரிக்கு ஏழு பேர் ஓடுகிறார்கள். அவர்களில் முதலில் வந்த ஐவர் எத்தனையாவது இடத்தில் வந்தார்களோ அந்த எண்களைக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை எந்தக் கல்லூரிக்குக் குறைவோ அதற்கே பட்டம். ஆறாமவனும் ஏழாமவனும் கூட்டலில் சேராவிட்டாலும், எதிரணியின் ஐந்தாமவனை முந்திவிட்டால் அவனை ஓரிடம் பின்னுக்குத் தள்ளித் தங்கள் அணிக்குத் தொண்டு செய்தவர்களாகிறார்கள். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஓக்லஹோமா மாகாணத்து ஸ்டில்வாட்டரில் ஆடவர் பந்தயம் முடிந்தபோது, நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கும் அந்தத் திடலுக்கே உரிய ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் சரியாக 83 புள்ளிகள் கிடைத்தன. பின்பு முதலாமவனுக்கு முதலாமவன், இரண்டாமவனுக்கு இரண்டாமவன் என்று ஐந்து ஜோடிகளை ஒப்பிட்டு, அரிசோனாக்காரர்கள் மூன்றில் முந்தியிருந்தமையால் பட்டத்தை அவர்களுக்கு அளித்தார்கள். ஏதாவது ஒரு வளைவில் ஏதாவது ஒரு மாணவன் ஒரே ஒருவனை எட்டிப் பிடித்திருந்தால் முடிவு மாறியிருக்கும். இதைக் கண்ணாரக் கண்டவன், இதைக் காட்டிலும் நேர்மையான பந்தயம் உலகத்தில் உண்டா என்று கேட்டால் அவனைக் குறைகூற எனக்கு மனம் வராது. அந்த அரைமணி நேரம் நேர்மையானதுதான். அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளைப் பற்றியே என் விவகாரமெல்லாம்.

அந்த ஏழு பேர் யார், எப்படி அந்தக் கல்லூரிக்கு வந்தார்கள் என்று பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு வரையில் வழக்கிலிருந்த விதியின்படி, முதற்பிரிவுக் கல்லூரியொன்று ஆடவருக்கான ஓட்டம், தாண்டுதல், எறிதல், கிராஸ் கன்ட்ரி ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 12.6 முழு உபகாரச் சம்பளங்களுக்கு மேல் கொடுக்கலாகாது. மகளிருக்கு அந்த எண் 18. அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்றுமட்டும் ஆடவர் பங்கில் 85 உபகாரச் சம்பளங்களை விழுங்கிவிட, 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் பெண் இருபாலார்க்கும் சமவாய்ப்பை வற்புறுத்த, எஞ்சிய ஆட்டங்களிலெல்லாம் ஆடவர் தொகை இவ்வாறு சுருங்கியது. இந்த 12.6 எல்லோருக்கும் பொதுவான வரம்பு என்பதால் எல்லோரும் சமம் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் வரம்புக்கு மேலே போகக்கூடாது என்றுதான் விதி சொல்லிற்றே ஒழிய, வரம்புவரை கொடுத்தே தீரவேண்டுமென்று எந்தக் கல்லூரியையும் அது கட்டாயப்படுத்தவில்லை. பொருளில்லாத கல்லூரி அதில் பாதியையோ அதற்கும் குறைவாகவோ கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. பொருளுள்ள கல்லூரிகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஒன்று, குறுந்தூர ஓட்டக்காரர், தடைதாண்டுவோர், குண்டெறிவோர், உயரம் தாண்டுவோர் என்று எல்லோருக்கும் பிய்த்துப் பகிர்ந்து கொடுத்தது. இன்னொன்று, அந்தத் துறைகளையெல்லாம் பெயருக்கு வைத்துக்கொண்டு, கையிலிருந்ததை ஏறக்குறைய முழுவதும் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கே அள்ளிக் கொடுத்தது. இந்த இரண்டு கல்லூரிகளும் நவம்பர் மாதத்தில் ஒரே கோட்டில் வந்து நின்றபோது, முதற் கல்லூரியின் ஐந்தாமவன் கல்விக் கடன் வாங்கி, மாலை வேளைகளில் உணவுவிடுதியில் தட்டுக் கழுவி, அரைகுறைத் தூக்கத்தோடு ஓடிப் பழகியவனாக இருக்கலாம். இரண்டாம் கல்லூரியின் ஐந்தாமவனோ படிப்புக்கும் உணவுக்கும் உறைவிடத்துக்கும் கவலையில்லாமல், பயிற்சிக்கும் ஓய்வுக்கும் மட்டுமே நாளைச் செலவிட்டவனாக இருக்கலாம். ஐவரின் எண்களையும் கூட்டுவதால், பட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறவன் ஐந்தாமவன்தான். தலைமடை நிலத்துக்காரனையும் கடைமடை நிலத்துக்காரனையும் அறுவடை நாளில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, களத்து நெல்லை அளந்து பார்த்து, இவன் உழைத்தான் அவன் உழைக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லுகிறவனை நாம் விவசாயம் அறிந்தவன் என்று ஒப்புக்கொள்வோமா?

இதுகூடப் பரவாயில்லை, கோட்டில் வந்து நிற்பதற்காவது இடம் கிடைத்ததே என்று சொல்லலாம். அந்த இடம் கிடைக்கும் வழியையும் பார்க்கவேண்டும். நாடு ஒன்பது பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் முதலிரண்டு இடம் பெற்ற அணிகள், ஆகப் பதினெட்டு, தாமாகவே தேசியப் போட்டிக்குத் தகுதி பெறுகின்றன. எஞ்சிய 13 இடங்களுக்கு அணிகளைப் பொறுக்கியெடுக்க ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. பருவத்தின்போது நீ எந்தெந்த அணிகளை முந்தினாயோ, அவற்றுள் எத்தனை அணிகள் இப்போது தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கின்றனவோ, அத்தனை புள்ளி உனக்கு. கேட்பதற்கு இதுவும் நியாயமாகவே இருக்கிறது. ஆனால் வலிய அணியை முந்தவேண்டுமானால் முதலில் வலிய அணி ஓடுகிற ஊருக்குப் போய்ச் சேரவேண்டும். அக்டோபர் மாதத்தில் விஸ்கான்சின் மாகாணத்து மேடிசன் நகரில் நடப்பது போன்ற பெரிய அழைப்புப் போட்டிகளில் நாட்டின் முன்னணி அணிகளில் பல ஒன்றாகத் திரளுகின்றன. ஏழெட்டு மாணவர்களையும் ஆசானையும் வைத்தியரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு அங்கே போகிற கல்லூரி, ஒரே நாளில், நடுத்தரமாக ஓடினாலுங்கூட, நாளைக்குத் தகுதி பெறப்போகும் நான்கைந்து அணிகளை முந்திப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்புகிறது. பயணச் செலவுக்கு வழியில்லாமல், பேருந்தில் இரண்டு மணி நேரத் தூரத்திலுள்ள பக்கத்துக் கல்லூரிகளோடு ஓடி, அவற்றையெல்லாம் வென்று, பிராந்தியப் போட்டியில் மயிரிழையில் மூன்றாவதாக வந்த அணிக்கோ, பெயர் சொல்லத்தக்க எவரையும் முந்தியதாகக் கணக்கில்லை. அவர்களுடைய கால்களை யாரும் அளந்து பார்க்கவே இல்லை. அளவுகோல் இருந்த ஊருக்கு அவர்கள் போகவில்லை. இந்த ஒரு விதியை மட்டும் நன்றாக விளங்கிக்கொண்டவன், காலும் மூச்சும் தவிர வேறொன்றும் இங்கே புகமுடியாது என்று மறுபடி பேசமாட்டான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தபடியாக மலை. நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகம் இருக்கும் பிளாக்ஸ்டாஃப் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் தேகத்துக்குள் சேரும் பிராணவாயு குறைவு. அக்குறையை உணர்ந்த சிறுநீரகங்கள் எரித்ரோபொயட்டின் என்னும் சுரப்பை அதிகமாக ரத்தத்தில் விட, அதன் தூண்டுதலால் எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை மிகுதியாக உற்பத்தி செய்கிறது. சில வாரங்களில் ரத்தம் முன்னைக் காட்டிலும் அதிகப் பிராணவாயுவைச் சுமக்கத் தொடங்குகிறது. கடல்மட்டத்தில் வாழ்கிறவர்களை உயரம் எப்படித் திணறவைக்கும் என்பதை 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் பந்தயங்கள் உலகத்துக்கே காட்டின. அங்கே பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் கென்யாவின் நஃப்தாலி டெமு வென்றார். எத்தனையோ உலக சாதனைகளைப் படைத்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் எல்லையைத் தாண்டியதும் நினைவிழந்து வீழ்ந்தார். உயரத்தில் வாழ்ந்துகொண்டு, கடும்பயிற்சியை மட்டும் தாழ்வான இடத்தில் செய்தால் பலன் மிகுதி என்பதை 1997-ஆம் ஆண்டில் லெவினும் ஸ்ட்ரே-குண்டர்சனும் தங்கள் ஆராய்ச்சியால் நிலைநாட்டினார்கள். பிளாக்ஸ்டாஃபின் பாக்கியம், இந்த இரண்டும் அங்கே ஒரு மணி நேரக் கார்ப் பிரயாணத்துக்குள் அமைந்திருக்கின்றன. மலைமேல் தூங்கி எழுந்து, வேகப் பயிற்சிக்காகக் கீழேயுள்ள செடோனாவுக்கோ கேம்ப் வெர்டேக்கோ இறங்கிப் போய்விட்டு, மாலையில் மலைக்கே திரும்பிவிடலாம். 2016 முதல் 2022 வரையிலான ஏழு ஆடவர் பட்டங்களில் ஆறு அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. எஞ்சிய ஒன்று, 2019-ஆம் ஆண்டுப் பட்டம், யூட்டா மாகாணத்து மலையடிவாரத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு.

இதைச் சொன்னவுடன், அப்படியானால் மலைக் கல்லூரிகளைத் தடுக்கவேண்டும் என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மலை ஒரு சாதகமே தவிர, மலையே வெற்றியாகிவிடாது. வயோமிங் பல்கலைக்கழகம் இருக்கும் லாரமி நகரம் பிளாக்ஸ்டாஃபைவிட உயரத்தில் இருக்கிறது. அது இந்தப் பட்டத்தை ஒருமுறையும் பெற்றதில்லை. மறுபுறம், கொலராடோவின் சான் லூயி பள்ளத்தாக்கில், 7,500 அடி உயரத்தில், அலமோசா என்ற சிற்றூரில் இருக்கும் ஆடம்ஸ் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த ஜோ விஜில் என்ற ஆசானின் கீழே, 1992-ஆம் ஆண்டு இரண்டாம் பிரிவுச் சாம்பியன் போட்டியில், அக்கல்லூரியின் மாணவர்கள் முதல் ஐந்து இடங்களையும் தாங்களே பிடித்து, ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் ஐந்துமாகப் பதினைந்து புள்ளிகளோடு, அதற்கு மேல் குறைக்கவே முடியாத கணக்கை எட்டினார்கள். மலையோடு ஒரு மகத்தான ஆசானும் அவர் பல ஆண்டுகளாக வளர்த்த ஒரு பரம்பரையும் சேர்ந்து செய்த காரியம் அது. அதைக் கண்டு நான் மகிழ்கிறேன். பணமில்லாத ஒரு கல்லூரிக்கு அதன் மண் தந்த கொடையை யாரும் பறிக்கக்கூடாது. நான் கேட்பதெல்லாம், கடற்கரை ஊரில் அவர்களுக்குத் தோற்ற பிள்ளையிடம், அவர்கள் உன்னைவிட அதிகம் உழைத்தார்கள், அவ்வளவுதான் என்று சொல்லாமலிருக்கவேண்டும் என்பதுதான்.

இனி அந்நியன் மேல் சுமத்தும் குற்றத்துக்கு வருகிறேன். என் மனத்தை மிகவும் வருத்துவது இதுவே. இந்தக் குற்றச்சாட்டு நேற்றுப் பிறந்ததன்று. 1959-இலும் 1960-இலும் இந்தச் சாம்பியன் போட்டியில் தனிநபராக முதலிடம் பெற்ற ஹூஸ்டன் பல்கலைக்கழகத்து அல் லாரன்ஸ், 1956 ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வாங்கிய ஆஸ்திரேலியர். அப்போது முப்பது வயதை ஒட்டியவர். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு அவரை ஓடவிடுவது சரியா என்ற கேள்வி நியாயமான கேள்வி என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்.சி.ஏ.ஏ. கண்ட விடையைத்தான் கவனிக்கவேண்டும். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்குப் பின்னர் வேற்று நாட்டில் போட்டியில் கலந்துகொண்ட ஒவ்வோர் ஆண்டும், கல்லூரிக்காகப் போட்டியிட அந்நிய மாணவனுக்குள்ள தகுதியாண்டுகளில் ஒன்றாகக் கழிக்கப்படும் என்று அது ஒரு விதி செய்தது. அதே வயதில் அதே அளவு ஓடிவிட்டு வந்த அமெரிக்க மாணவனுக்கு அந்த விதி இல்லை. வயதுதான் கவலையென்றால் எல்லோருடைய வயதையும் எண்ணியிருக்கவேண்டும். விதி எண்ணியதோ பாஸ்போர்ட்டை. வாஷிங்டன் நகரத்திலுள்ள, கறுப்பின மக்களின் கல்விக்காகத் தோன்றி வளர்ந்த ஹாவர்ட் பல்கலைக்கழகம் 1971-இல் உதைபந்தாட்டத்தில் வென்ற தேசியப் பட்டத்தை, இந்த விதியும் வேறு சில விதிகளும் மீறப்பட்டன என்று கூறிச் சங்கம் பறித்துக்கொண்டது. ஹாவர்ட் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்நியரை மட்டும் தனியே பிரித்துத் தண்டிக்கும் அந்த விதி பாரபட்சமானது என்று 1975-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப் புத்தகத்திலிருந்து அந்த விதி போய்விட்டது. மனங்களிலிருந்து இன்னும் போகவில்லை.

போகவில்லை என்பதற்குச் சாட்சி, இன்றைக்கும் வயதைப் பற்றிய பேச்சு எந்தப் பக்கம் பாய்கிறது என்பதே. பள்ளிப் படிப்பு முடிந்தபின் நெடுங்காலம் போட்டிகளில் ஓடிவிட்டு வருகிறவர் தகுதியாண்டுகளை இழப்பார் என்பது இன்று உள்நாட்டவர்க்கும் வெளிநாட்டவர்க்கும் பொதுவான விதி. இதற்கிடையே, ராணுவ சேவைக்கும் மதச்சபையின் அதிகாரபூர்வமான ஊழியத்துக்கும் செலவிட்ட காலத்தைத் தகுதியாண்டுகளுக்கான ஐந்தாண்டுக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்ற விலக்கும் இருக்கிறது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் கானர் மேன்ட்ஸ், கானா நாட்டில் தம் சபையின் ஊழியத்தை முடித்துத் திரும்பி, இருபத்துநான்கு வயதில் தொடர்ந்து இரண்டு தேசியப் பட்டங்களை வென்றார். அவருடைய வெற்றியில் எனக்குச் சிறிதும் ஆட்சேபமில்லை. இரண்டாண்டுகள் போட்டியை விட்டு விலகியிருந்து, மறுபடி தேகத்தைப் பழக்கி வந்த அந்த இளைஞரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்துவிட்டு வந்த அமெரிக்கனுக்கு இருபத்துநான்கு வயதாயிருப்பது பக்திக்கு அடையாளமென்றால், ஆப்பிரிக்காவிலேயே பிறந்து, குடும்பத்துக்காகச் சில ஆண்டுகள் பாடுபட்டுவிட்டுப் படிக்க வந்த மாணவனுக்கு அதே வயதாயிருப்பது மட்டும் எப்படி வஞ்சகத்துக்கு அடையாளமாகும்? ஓரிகன் பல்கலைக்கழகத்துக்காக 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்ற எட்வர்ட் செசரெக், கென்யாவில் பிறந்தவரானாலும் நியூ ஜெர்சியின் நியுவர்க் நகரத்துப் பள்ளியில் படித்து முடித்துவிட்டு, மற்ற மாணவர்களைப் போலவே கல்லூரிக்குள் நுழைந்தவர். அவரையும் அந்நியர் பட்டியலில் சேர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள் என்றால், வயது என்பது சாக்கு என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

இன்னும் ஒரு விஷயம். அந்நியரைக் கொண்டுவந்து குவித்துப் பட்டம் வாங்கினார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட கல்லூரிகள் எவை? டெக்சாஸ் மாகாணத்தின் எல்லையோரத்து எல் பாஸோ, வாஷிங்டன் மாகாணத்துக் கோதுமை வயல்களுக்கு நடுவிலுள்ள புல்மன் போன்ற ஒதுக்கமான ஊர்களின் கல்லூரிகள். எல் பாஸோக்காரர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க மாணவர்களைக் கொண்டு 1975 முதல் 1981 வரையில் ஆறு பட்டங்களை வென்றார்கள். 1981-இல் அவர்கள் கணக்கு வெறும் 17. உள்நாட்டுப் பள்ளிகளின் நட்சத்திரங்கள் புகழ்பெற்ற பெரிய கல்லூரிகளையே நாடிச் சென்ற காலத்தில், இப்படிப்பட்ட கல்லூரிகள் யாரும் தேடாத இடத்தில் தேடின. கென்யாவின் நந்தி மலைநாட்டிலிருந்து 1976-இல் புல்மனுக்கு வந்த ஹென்றி ரோனோ மூன்று முறை தேசியப் பட்டம் வென்றார். 1978-ஆம் ஆண்டில் 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகளை நிகழ்த்தினார். உலகமே வியந்த அந்த மனிதரை வைத்துக்கொண்டும் அவருடைய கல்லூரி அந்த ஆண்டுகளில் அணிப் பட்டம் பெறவில்லை. ஒருவன் எத்தனை வேகமாக ஓடினாலும் ஒரே ஒரு இடத்தைத்தான் அவனால் பிடிக்கமுடியும். அவரைப் போல வந்தவர்களுடைய நிலையையும் எண்ணிப் பாருங்கள். காலில் காயம்பட்டு ஓட்டம் நின்றால் உபகாரச் சம்பளம் நிற்கக்கூடும், அது நின்றால் படிப்பு நிற்கும், படிப்பு நின்றால் விசா போய்விடும். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் சம்பாதிக்கலாம் என்று அனுமதி வந்தபோது, மாணவர் விசாவில் வந்தவர்கள் அங்கே வேலை செய்து பொருளீட்டக் கூடாதென்ற சட்டத்தால் பெரும்பாலும் அதற்கு வெளியிலேயே நின்றார்கள். இந்தக் களத்தில் எவனுக்கு அதிகாரம் மிகக் குறைவோ அவனையே அநியாயத்துக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மதித்து விடையளிக்கவேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இருக்கும் ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கொடுப்பதில்லை, மலையுமில்லை, ஆயினும் அங்கிருந்து வந்த கிரஹாம் பிளாங்ஸ் 2023-இலும் 2024-இலும் எல்லோரையும் வென்றாரே, அது தனி மனிதனின் திறமைக்குச் சாட்சியல்லவா என்று கேட்பார்கள். சாட்சிதான். அபூர்வமான திறமை எந்த ஏற்பாட்டையும் சில சமயம் கிழித்துக்கொண்டு வெளிவரும் என்பதை யார் மறுத்தார்கள்? ஆனால் அவரை வளர்த்த ஸ்தாபனம், தேவையுள்ள மாணவனுக்குத் தேவையான உதவித்தொகையை வேறு தலைப்பில் கொடுக்கவல்ல, உலகத்தின் மிகச் செல்வம் படைத்த பல்கலைக்கழகங்களுள் ஒன்று என்பதை மறந்துவிட்டு அந்த உதாரணத்தைக் காட்டுவது முறையன்று. பிறவியிலேயே ஒருவனுக்கு நீண்ட கால்களும் அகன்ற மார்பும் அமைந்திருப்பதும் அனுகூலந்தானே, அதையும் தடுக்கவேண்டுமா என்று கேட்பாரும் உண்டு. தேகத்தில் பிறந்த வேற்றுமையை அளந்து பார்ப்பதற்காகவே பந்தயம் என்று ஒன்று ஏற்பட்டிருக்கிறது; ஸ்தாபனங்களின் பொருள்வசதியை அளந்து பார்ப்பதற்காக அது ஏற்படவில்லை.

இந்தப் பிழையான நம்பிக்கையால் என்ன நஷ்டம், நம்பிவிட்டுப் போகட்டுமே என்று இருக்க என்னால் முடியாததற்குக் காரணம், அதன் விலையைக் கொடுப்பவர்கள் பதினெட்டும் இருபதும் வயதான பிள்ளைகள் என்பதே. காலும் மூச்சும் தவிர வேறு காரணமே கிடையாது என்று கற்பிக்கப்பட்ட ஒரு பெண், தோற்றுப்போனால் காரணத்தைத் தேடி வேறெங்கே போவாள்? தன் தேகத்துக்குள்ளேதான் தேடுவாள். இன்னும் எடை குறைந்தால் வேகம் கூடும் என்று உணவைச் சுருக்குகிறாள். ஓய்வுநாளிலும் ரகசியமாக ஓடுகிறாள். முதலில் சில வாரங்கள் வேகம் கூடவும் செய்கிறது. பிறகு மாதவிடாய் நின்றுபோகிறது, எலும்பின் வலு குறைகிறது, முழங்காலுக்குக் கீழே ஓரெலும்பில் மெல்லிய விரிசல் காண்கிறது, நொண்டிக்கொண்டே இன்னும் இரண்டு பந்தயங்கள் ஓடி முடிக்கிறாள். செலவிடும் சக்திக்கு ஏற்ற உணவு இல்லாமையால் விளையும் இந்தச் சீர்குலைவுக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் தனிப் பெயரே சூட்டி எச்சரித்தது. இருபாலாரையும் தாக்குவது, நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் அதிகம் காண்பது. அவளுக்கு எதிரே ஓடிய அணி எந்த ஊரில் தூங்கி எழுந்தது, யாருடைய செலவில் எத்தனை பந்தயங்களுக்குப் பறந்து சென்றது என்பதை யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால், அவள் தன் தட்டிலிருந்த சோற்றைக் குற்றவாளியாக்கியிருக்கமாட்டாள். உழைப்பை மட்டும் புகழ்ந்து பேசும் ஆசான்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

இப்போது நிலைமை மேலும் மாறிக்கொண்டிருக்கிறது. கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, அதை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் பழைய 12.6, 18 என்ற வரம்புகள் நீங்கி, அணிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர். பதினேழு பேருக்கும் முழு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம்; ஒருவருக்கும் கொடுக்காமலும் இருக்கலாம். ஒரு கல்லூரி ஓராண்டில் தன் வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கப்பட்ட தொகை முதலாண்டில் சுமார் 2.05 கோடி டாலர்; அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கும் கூடைப்பந்துக்குமே போகும் என்பதை எவரும் ஊகிக்கலாம். உபகாரச் சம்பளம் எதுவுமில்லாமல், ஓட்டத்தின் மேலுள்ள ஆசையால் மட்டும் அணியோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்த பதினெட்டாமவனுக்கும் இருபதாமவனுக்கும் இனி அங்கே இடமில்லை. நெடுந்தூர ஓட்டத்தை வளர்க்க விரும்பும் செல்வக் கல்லூரிக்கும் அதைப் பெயருக்கு வைத்திருக்கும் கல்லூரிக்கும் இடையே முன்பிருந்த இடைவெளி, வரம்பு போனதால் விரியத்தான் போகிறது.

ஆகவே என்.சி.ஏ.ஏ.-யிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. தேசியப் போட்டியின் முடிவுப் பட்டியலில் ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கு எதிரே, அதன் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அந்த ஆண்டில் அளிக்கப்பட்ட உபகாரச் சம்பளத் தொகையும், பயணத்துக்கும் மலை முகாம்களுக்கும் செலவான தொகையும் அச்சிடப்படவேண்டும். பதின்மூன்று இடங்களுக்கான புள்ளிக் கணக்கு தொலைதூரப் பயணத்தைச் சார்ந்து நிற்கும் வரையில், பிராந்தியத்துக்கு ஓர் அணிக்காவது அக்டோபர் மாதத்துப் பெரிய போட்டியொன்றுக்குப் போய்வரும் செலவைச் சங்கமே ஏற்கவேண்டும். பெருந்தொகை கேட்கும் காரியமன்று, ஒன்பது அணிகளின் விமானக் கட்டணமும் இரண்டிரவுத் தங்கல் செலவுந்தான். வயதைப் பற்றி விதி செய்வதானால், ஊழியத்துக்குப் போனவனுக்கும் ராணுவத்துக்குப் போனவனுக்கும் வயலில் பாடுபட்டவனுக்கும் ஒரே கணக்காகச் செய்யட்டும், இல்லையேல் செய்யாமலிருக்கட்டும். இவற்றுள் முதலாவதற்குப் புதிதாக ஒரு காசும் செலவில்லை. கல்லூரிகளின் கணக்கர்கள் எழுதி வைத்திருக்கும் ஏடுகளிலிருந்து எண்களை எடுத்து அச்சுக்குக் கொடுத்தால் போதும், அடுத்த நவம்பருக்குள் செய்துவிடலாம்.